பேழையில் வந்த பிள்ளைகள்: எமது கதைகளில் அநாதைக் குழந்தைகள்

வைகாசி மாதத்தில் மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்படும். செட்டிபாளையம், முதலைக்குடா, தெற்கே காரைதீவு, தம்பிலுவில் எனப் பல ஊர்களில் அந்நாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மாநாய்கனின் மகள். வழக்குரையிலோ அவள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. பாண்டியனிடத்தில் தோன்றிய அவளால் நாட்டுக்கு அழிவு வரும் என்று அஞ்சி, பேழையில் வைத்து நீரில் விட்டுவிடுகிறார்கள். வணிகர்கள் அவளை எடுத்து வளர்க்கிறார்கள். பிற்காலத்தில் சிலம்போடு அவள் நீதி கேட்டுப் போவது, தன்னைக் கைவிட்ட அதே அரசவைக்குத்தான்.

எமது கூத்துக் களரிக்கும் இப்படியொரு பிள்ளை உண்டு. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகளில் ஒன்றான 'கர்ணன் போர்', 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தனால் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆற்றில் விடப்பட்ட கர்ணனைத் தேரோட்டியும் அவன் மனைவி ராதையும் வளர்க்கிறார்கள். போர் நெருங்கும் வேளையில் பெற்றவள் தேடி வருகிறாள். அவளோடு போக அவன் மறுத்துவிடுகிறான்.

உலகெங்கும் இத்தகைய கதைகளுக்கு ஒரு பொது அச்சு உண்டு. நாணற் கூடையில் விடப்பட்ட மோசே, சார்ள்ஸ் டிக்கன்ஸின் ஒலிவர் டுவிஸ்ட் என்று எவரை எடுத்தாலும், பிள்ளையின் பிறப்பில் ஒரு இரகசியம் இருக்கும். அது வெளிப்படும்போது கதை திருப்பம் பெறும். பல வேளைகளில் பிள்ளை உயர்குலத்தவன் என்று தெரியவரும். வளர்த்தவர்கள் ஓரிரு வரிகளோடு ஒதுங்கிவிடுவார்கள். ராதை எத்தனை இரவு கண்விழித்தாள் என்று யார் பாடினார்கள்?

ஈழப் போரின் குழந்தையைப் பெருந்திரைக்குக் கொண்டுவந்தது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). அகதி முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் வளரும் அமுதா, ஒன்பது வயதில் உண்மை அறிந்து பெற்றவளைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். இங்கு பிறப்பின் இரகசியம் கிரீடம் எதையும் தரவில்லை. கேள்விகளோடு போன பிள்ளைக்குத் தாயிடமிருந்து கிடைப்பது கண்ணீர்தான். அமுதா இறுதியில் வளர்த்தவளிடமே திரும்புகிறாள். பழைய அச்சை இப்படம் ஓரளவு மாற்றியது.

ஆனால் ஈராண்டுகள் கழித்து, செய்திகளே ஒரு கதையை உருவாக்கின. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் அள்ளுண்டு, உயிரோடு மீட்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசையில் கிடைத்த இலக்கத்தால், அக்குழந்தையை உலக ஊடகங்கள் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று அழைத்தன. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. சட்டப்படி உரிமை கோரியது ஒரே தம்பதிதான் என்பது பின்னரே தெரியவந்தது. மரபணுப் பரிசோதனைக்குப் பின், 2005 பெப்ரவரியில் நீதிமன்றம் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தது. ஒன்பது தாய்மார் என்ற கதை கேட்கச் சுவையாக இருந்தது. அதற்கான விலையைத் தம் பிள்ளைக்காக வாரக்கணக்கில் காத்திருந்த பெற்றோர் செலுத்தினார்கள்.

இங்குதான் எழுதுபவர்களின் பொறுப்பு தொடங்குகிறது. 1990 செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் வந்தாறுமூலையிலும் நிகழ்ந்தவை எத்தனையோ வீடுகளைச் சிதைத்தன. அவ்வாண்டு பெற்றோரை இழந்த ஒரு குழந்தைக்கு இன்று முப்பத்தைந்து வயதாவது இருக்கும். தன்னைப் பற்றி எழுதப்படுவதை அவரும் வாசிக்கிறார். அவரது பிறப்பில் அவிழ்க்க வேண்டிய இரகசியம் எதுவுமில்லை. பெற்றோர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவர்களுக்கு என்ன நடந்தது, யார் பொறுப்பு என்பதற்குத்தான் பதில் இல்லை.

அம்மம்மாவோ, பெரியம்மாவோ, அக்காவோ, சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளரோ அவரை வளர்த்திருப்பார். சோறு யார் போட்டது, காய்ச்சல் வந்த இரவில் யார் பக்கத்தில் இருந்தது, பாடசாலைப் படிவத்தில் பாதுகாவலர் என்று யார் கையெழுத்திட்டது? இவற்றைச் சொல்லும் கதைகள் எமக்கு இன்னும் போதாது. பேழை மிதந்து வந்ததைப் பாடிவிட்டோம். அதை எடுத்த கைகளைப் பற்றியும் எழுத வேண்டும். கண்ணகி அவையில் கேட்ட நீதியை இப்பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.