புக்கராயர் எழுதிக் கொடுத்த உடன்படிக்கை

சமயப் பூசல் நாட்டைக் குலைக்கும்போது அரசன் என்ன செய்யணும்? 1368ஆம் ஆண்டின் சிரவணபெளகொளக் கல்வெட்டைப் பாருங்கள். வைணவர்கள் தொல்லை தருவதாக எங்கள் சமணர்கள் விஜயநகரத்து முதலாம் புக்கராயரிடம் முறையிட்டனர். வடக்கே பாமினி சுல்தானோடு பகை. உள்நாட்டுச் சண்டையும் சேர்ந்தால் தாங்குமா? திருவரங்கம், திருப்பதி, காஞ்சி ஆசாரியர்கள் முன்னிலையில் சமணர் கையை வைணவர் கையில் கொடுத்து, இரு தரிசனங்களுக்கும் பேதமில்லை என்றார்.

எனக்குப் பிடித்தது பின்னால் வரும் கணக்குதான். சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம். வசூலிப்பவரோ வைணவரான திருமலைத் தாதய்யா! அதில் பெளகொளத் தெய்வத்துக்கு 20 காவலர். மிச்சத்தில் பாழடைந்த பசதிகளுக்குச் சுண்ணாம்பு. காசு மட்டும் சமணர் தலையிலா என்று கேட்பாங்க. நியாயம்தான். ஆனால் காவல் பொறுப்பு வைணவர் தலையில் விழுந்ததே. மீறுபவன் ராஜத்துரோகி, சங்கத்துரோகி என்றும் வெட்டியிருக்கிறது.