வாடகைக்கு விட்ட வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பது முன்னோர் மொழி. கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் அதனோடு சேர்க்கலாம் என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இலங்கைத் துறைமுகங்களை நாடியது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. போர்க்காலத்தில் வீடு அருகும், வாடகை ஏறும், எளியோர் தெருவில் நிற்க நேரும். கிளாஸ்கோ நகர மாதர் போராட்டத்தின் விளைவாக 1915இல் பிரித்தானியா வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1942இல் இலங்கையும் அவ்வழியைப் பின்பற்றியது.

போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1941 நவம்பர் மாதத்து மதிப்பீட்டையே வாடகைக்கு அளவுகோலாகக் கொண்டது. வரி உயர்ந்தால் வாடகையையும் அதற்கேற்ப ஓரளவு உயர்த்த இடமிருந்தது. ஆனால் கொத்தனார் கூலியும் ஓட்டின் விலையும் பழைய மதிப்பீட்டுக்குக் கட்டுப்படுவனவல்ல. வாடகைப் பணம் பழுது பார்க்கப் போதாதபோது கூரை ஒழுகும்; குடியிருப்போரும் நனைவர், உரிமையாளரின் உடைமையும் அழியும். சேமிப்பு முழுவதையும் ஒரே வீட்டில் முடக்கிய ஓய்வூதியரும் கைம்பெண்ணும் கூட உரிமையாளர்களே என்பதை மறத்தலாகாது.

சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு விதித்ததேயன்றி, வீட்டுக்கு ஆள் கிடைக்கும் என்று உறுதி கூறவில்லை. 1957 அக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தபோது, அத்தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். வேலை போன ஊரில் வாடகை எங்கிருந்து வரும்?

1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் பெறுவதைத் தடுத்தது. குடியிருந்தவர் இறந்தபின் அவர் குடும்பத்தினர் அவ்வீட்டிலேயே தொடரவும் வழி செய்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டமோ வீடுகளின் எண்ணிக்கைக்கே எல்லை வகுத்தது. தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையே ஒரு குடும்பத்துக்கு உரியதாயிற்று. மிகுதியான வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை விலைக்கு வாங்க விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. பலர் சொந்தக் கூரை பெற்றது பெரும்பேறே. ஆயினும் வாடகைக்கென வீடு கட்ட இனி யார் துணிவார் என்னும் கேள்வியும் உடன் எழுந்தது.

இன்று திருகோணமலையை அடுத்த அன்புவழிபுரத்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட எண்ணும் குடும்பத்துக்கும் இவ்வரலாறு பயன்படும். கைக்கு வரும் பணமெல்லாம் வருமானமன்று; அதில் ஒரு பங்கு அடுத்த மாரிக்கு முன் கூரைக்கு உரியது.