சென்னைக் கடற்பாலம் (1861)

சென்னைக் கடற்பாலம் என்பது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, கப்பல் சரக்குகளை ஏற்றி இறக்குவதற்காக 1861இல் அமைக்கப்பட்ட இரும்புப் பாலமாகும். கரையிலிருந்து கடலுக்குள் நேராக நீண்ட இதன் நீளம் ஏறத்தாழ 1,100 அடி. இன்றைய சென்னைத் துறைமுகத்தின் முன்னோடி இதுவே.

பின்னணி

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கொண்டு சென்றன. அலையில் படகு கவிழ்ந்தால் உயிருக்கும் பொருளுக்கும் சேதம்.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் இவ்வூர்களிலிருந்து இரயிலில் விரைவாகச் சென்னை வந்தது. ஆனால் கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட சிறு தொலைவே பயணத்தின் ஆபத்தான பகுதியாக இருந்தது. உப்புநீர் பட்டால் தோலில் கறை படியும், விலை குறையும்.

அமைப்பு

அடியில் திருகுத் தகடு பொருத்திய இரும்புத் தூண்களை மணலில் முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் பாலம் கட்டப்பட்டது. தூண்களின் இடையே அலையும் மணலும் தடையின்றிச் சென்றன. ஆயினும் புயலைத் தடுக்கும் அரண் எதுவும் இல்லை.

சிதைவு

1868, 1872 ஆண்டுகளின் புயல்களில் பாலம் உடைந்து பயனற்றுப் போனது. பாலம் மட்டும் போதாது, அலையைத் தடுக்கும் சுவர்களும் தேவை என்பது தெளிவாயிற்று. பாலத்தின் இருபுறமும் அலைத்தடுப்புச் சுவர்கள் கொண்ட செயற்கைத் துறைமுகத்துக்கு, 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் அச்சுவர்களையும் சேதப்படுத்தியது. பணி மீண்டும் தொடர்ந்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டது.

பின்விளைவு

இக்கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. தூண்கள் வழிவிட்ட மணலைச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டு மீனவர் குடியிருப்புகள் இடமிழந்தன. ஆம்பூர்த் தோலுக்குப் பாதுகாப்பான வழி கிடைத்தது. அதற்கான விலையை வடசென்னைக் கடற்கரை இன்றும் கொடுத்து வருகிறது.