ஒரு குரல் குறைந்த பிறகு

ஸ்ரீ கெம்பாங்கான் பாசார் மாலாமில் ஒரு பழைய மலாய்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இது நம்மாளுங்க பாடுனதுடா" என்றார் அப்பா. நான் நம்பவில்லை. அவ்வளவு இயல்பான மலாய்.

அப்பா சொன்னது சரிதான். அது அல்லிகேட்ஸ். 1960களின் இறுதியில் பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் தொடங்கிய குழு. தலையில் புதர் மாதிரி ஆஃப்ரோ முடி. ஆரம்பத்தில் ஆங்கிலப் பாட்டுதான். ஹாங்காங் கிளப்புகள் வரை போய் வாசித்தார்கள். 70களின் இறுதியில் மலாய்க்கு மாறினார்கள். எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு இசையமைத்தார்கள். நாடே சேர்ந்து பாடியது.

2007 ஜூன் 4 அன்று லோகா நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். குழுவை நடத்தியவர் அண்ணன்தான். ஆனால் ரசிகர்களுக்கு இருவரும் சேர்ந்ததுதான் அல்லிகேட்ஸ்.

1980இல் இரண்டு ராக் குழுக்கள் இதே நிலைக்கு வந்தன. பிப்ரவரியில் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி, பிரையன் ஜான்சனைச் சேர்த்து ஜூலையிலேயே 'பேக் இன் பிளாக்' வெளியிட்டது. மே மாதம் இயன் கர்டிஸ் இறந்ததும் ஜாய் டிவிஷனில் மிஞ்சியவர்கள் அந்தப் பெயரையே விட்டுவிட்டு 'நியூ ஆர்டர்' ஆனார்கள். கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் பாடத் தொடங்கினார்.

டேவிட் பெயரை மாற்றவில்லை. அதே பெயரில் மேடை ஏறினார். ராக் வரலாறு எழுதுபவர்களுக்கு இது சுவாரசியமில்லாத முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழியையே மாற்றிக்கொண்ட குழு அது. மறுபிறவி ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது. இந்த முறை அண்ணன் செய்ய வேண்டியிருந்தது இன்னொரு மாற்றம் அல்ல, தம்பி இல்லாத மேடையில் நின்று பாடுவது. அதற்கும் தெம்பு வேண்டும்.

அன்று பாசாரில் ஓடியது 'அண்டைஞா அக்கு பெர்கி டூலு'. 'நான் முதலில் போய்விட்டால்' என்று அர்த்தம். லோகா உயிரோடு இருந்தபோது அது ஒரு காதல் பாட்டு, அவ்வளவுதான். 2007க்குப் பிறகு அதில் ஒரு சொல்கூட மாறவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் அது வேறு பாட்டாகிவிட்டது.

சென்னை சினிமாப் பாட்டின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். பினாங்குத் தமிழ்ப் பையன்கள் மலேசியாவையே பாட வைத்த கதையை நான் எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் படித்ததில்லை. மலாயில் பாடியதால் அவர்கள் நம் கணக்கில் வரவில்லையோ என்னவோ.

அப்பா மட்டும் பாட்டு முடியும்வரை அந்தக் கடை முன்னால் நின்றார். எதுவும் வாங்கவில்லை.