கவலைத் தோலும் டிராக்டர் எண்ணெயும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் சின்னாற்றுப் படுகையை ஒட்டி அமைந்த பேரூராட்சி மாரண்டஹள்ளி. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த இந்நிலப்பகுதியில், மின்மோட்டார் பரவுவதற்கு முன் கிணற்றுப் பாசனம் மாடு பூட்டி இறைக்கும் கவலையை நம்பியிருந்தது. நீர் மொள்ளும் சாலோடு பிணைத்த தோல் குழாய் கிழிந்துவிட்டால், மாடுகள் வழக்கம்போல் இழுத்தாலும் நீரில் ஒரு பங்கு கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். கசிவு உழைப்பைத் தின்னும் என்ற இந்தப் பட்டறிவே பழைய டிராக்டர் லோடரின் பழுதை அறியவும் அடிப்படையாகும்.

லோடரைத் தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதி. அதைக் கொண்டு ஜோசப் பிராமா 1795-இல் நீர் அழுத்தப் பொறிக்கு உரிமம் பெற்றார். ஹாரி ஃபெர்குசன் இந்தத் திரவ அழுத்த விசையை மும்முனை இணைப்போடு சேர்த்து 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிராக்டரில் பொருத்தினார். அவர் வழிவந்த மாஸி ஃபெர்குசன் நுட்பம், 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியே தமிழக வயல்களை எட்டியது.

அந்த மரபின் பழைய டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்பு கியர் எண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால், எண்ணெய் குறைந்தாலும், அழுக்கேறினாலும், நீர் கலந்து பால்போல் வெளுத்தாலும் தூக்கும் விசை தளரும். கிளட்சை முழுவதுமாக மிதித்தால் பம்பும் நின்றுவிடும் என்பதால், கிளட்சின் நிலையையும் தொடக்கத்திலேயே கவனிப்பது முறை. மேலும், கலப்பையை அவ்வப்போது தூக்குவதற்கென அமைந்த பம்பு குப்பையும் வண்டலும் அள்ளும் லோடரை இடைவிடாது இயக்கும்போது, அதன் மெதுவான வேகம் பழுதாக இல்லாமல் இயல்பாகவும் இருக்கலாம்.

பம்பு தருவது எண்ணெயின் ஓட்டம். சுமை தரும் எதிர்ப்பே அதை அழுத்தமாக்குகிறது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர சென்டிமீட்டர் என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கிடைத்தால் அது சுமார் 2,800 கிலோ விசையைத் தரும். அழுத்தம் பாதியானால் விசையும் பாதியாகும். எனவே லோடர் தன் வெறும் வாளியைத் தூக்கி நிறைந்த வாளிக்குத் திணறினால், தேய்ந்த பம்பின் மீதோ, மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் மீதோ ஐயம் விழும். எண்ணெய் நுரைத்து ஏற்றம் தத்தினால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது எனலாம். உயர்த்திய வாளி, லீவரை நடுநிலையில் விட்டபின் தானாக இறங்கினால், சிலிண்டர் சீலோ கட்டுப்பாட்டு வால்வோ உள்ளே கசிகிறது. இச்சோதனையின்போது வாளிக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது. குழாயைக் கழற்றுமுன் வாளியைத் தரையில் இறக்கி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

எண்ணெய், ஃபில்டர், வால்வு, சீல் என்று எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இவ்வரிசையைப் பின்பற்றினால், விலையுயர்ந்த பம்பை வீணாக மாற்றும் செலவு பெரும்பாலும் தவிரும். மாடு களைத்ததா, தோல் கிழிந்ததா என்று பிரித்தறிந்த கவலைக் காலத்துக் கூர்மையே பழைய டிராக்டருக்கும் வேண்டிய மருந்தாகும்.