நந்தன் முதல் ஆரோக்கியம் வரை: தமிழ்க் கதைகளில் நம் மாந்தர்

கதை என்பது கற்பனை. ஆயினும் கற்பனையிலே பிறந்த மனிதன் ஒருவன் படிப்போர் நெஞ்சில் உயிர் பெற்று உலவுதல் உண்டு. மெய்யாக வாழ்ந்த மனிதன் ஏட்டிலே வெறும் பொம்மையாய்க் கிடத்தலும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது என்னும் வினா எழுத்தாளர்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. ஊர் நம்மை எவ்வாறு கண்டதோ அவ்வாறே கதையும் நம்மை நெடுங்காலம் கண்டது. நம்பத்தக்க மனிதராக நாம் தமிழ்க் கதைகளில் எப்போது, எவ்வாறு இடம் பெற்றோம் என்பதைக் கால வரிசையில் இங்கே காண்போம். எழுதுகோல் ஏந்த விரும்பும் நம் இளைஞர்க்கு இவ்வரலாறு ஒரு பாடமாகும்.

நந்தனார் கதை

தமிழிலக்கியத்தில் நம் மக்களுள் ஒருவரை நடுநாயகமாக வைத்துச் சொல்லப்பட்ட கதைகளில் முதன்மையானது திருநாளைப்போவார் வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், ஆதனூர்ச் சேரியின் குடிசைகளையும், கோழிகளையும், நாய்க்குட்டிகளையும், உலரும் தோலையும் நேரிற் கண்டவர்போல் காட்டுகின்றார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் அளிக்கும் தொழிலாளராக நந்தனாரை நிறுத்துகின்றார். இடமும் தொழிலும் இவ்வளவு துலங்க அமைந்தமையால் அப்பாத்திரம் மண்ணிலே கால் ஊன்றி நிற்கின்றது. ஆனால் அங்கே அவரைத் தடுப்பவர் எவருமிலர். தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்குகின்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அக்கதைக்குள் புதியவர் ஒருவரைக் கொண்டுவந்தது. அவரே நிலக்கிழாராகிய வேதியர். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் பண்ணையாளிடம், வயல் வேலை அனைத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பெரிய புராணத்தில் இல்லாத இவ்வேதியர் வந்த பின்னரே நந்தன் பண்ணையாளின் துயர் உடையவனாகின்றான். விருப்பம் ஒன்றும், அதற்கு வெளியிலிருந்து வரும் தடை ஒன்றும் அமைந்தால் பாத்திரம் உயிர்பெறும் என்பதற்கு இது நல்ல சான்று. பின்னர் 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராக நடித்தனர். நாடெங்கும் மக்கள் கண்ணீர் மல்கினர்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்துணை நூற்றாண்டும் நந்தன் தீயில் மூழ்கி, வேறு உருவம் பெற்ற பின்னரே தில்லைக்குள் புகுந்தான். அவனாகவே அவன் உள்ளே செல்லவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாகக் கொண்டு வரலாற்றை வேறு விதமாக எழுதியதன் உட்பொருள் இங்கே விளங்கும். பிறர் வரைந்த உருவத்தை மறுத்துத் தம் உருவத்தைத் தாமே வரைய முயன்றார் அவர்.

இரக்கமும் அதன் எல்லையும்

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். நம் மக்கள் தம் குரலில் பேசத் தலைப்பட்டனர். ஆனால் அவை விண்ணப்பமும் வாதமும் வரலாறுமாக எழுந்த எழுத்துகள். வழக்குரைக்கும்போது ஒருவர் தம் குறையைச் சொல்லார். கதையோ வீட்டின் உள்ளறை வரை வந்து பார்ப்பது. அதற்குக் காலம் பிடித்தது.

இடைக்காலத்தில் பிறர் நம்மைப் பரிவோடு எழுதினர். புதுமைப்பித்தன் 1934இல் ‘புதிய நந்தன்’ எழுதினார். தேயிலைத் தோட்டத்துத் துயரைத் ‘துன்பக்கேணி’யில் மருதி என்னும் பெண் வாயிலாகக் காட்டினார். முல்க் ராஜ் ஆனந்த் 1935இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தீண்டத்தகாதவன்’, துப்புரவுத் தொழிலாளி பாக்கா என்னும் இளைஞனின் ஒரே ஒரு நாளைச் சொல்வது. இவர்தம் நல்லெண்ணத்தை நாம் மறத்தலாகாது. எனினும் அக்காலத்துப் பொதுவான எழுத்துகளில் நம் மனிதர் பெரும்பாலும் அடிபடுபவராகவும், கைகட்டி நிற்பவராகவும், முடிவில் மடிபவராகவுமே வந்தனர். இரங்கத்தக்கவர் எல்லாம் நம்பத்தக்கவர் ஆகிவிடார்.

மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ இவற்றினும் ஒரு படி மேலே சென்றது. அதனைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் மூன்று தலைமுறையினரின் கதை அது. அதில் வரும் சுடலைமுத்து, தன் மகன் இத்தொழிலுக்கு வரலாகாது என்று உறுதி கொள்கின்றான். மகனுக்கு மேற்சாதியார் இடும் மோகன் என்னும் பெயரை இடுகின்றான், ஊர் நகைக்கின்றது. பணம் சேர்ப்பதற்காகத் தன் தோழர்களின் சங்கத்தையே காட்டிக் கொடுக்கின்றான். அவன் செயலை வெறுக்கின்றோம். அவன் ஏக்கத்தையோ வெறுக்க முடியவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும்போதுதான் ஒரு பாத்திரம் முழு மனிதனாகின்றது.

உள்ளிருந்து எழுந்த எழுத்து

பின்னர் நம் மக்களே கதை எழுத வந்தனர். டி. செல்வராஜ் 1960களில் ‘மலரும் சருகும்’ நாவலில் நெல்லை வட்டார உழவுத் தொழிலாளரை எழுதினார். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைக் கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலாக்கினார். 1979இல் வெளிவந்த பூமணியின் ‘பிறகு’ இவ்வரிசையில் தனியிடம் உடையது. கரிசற்காட்டுச் சிற்றூரில் தோல் தொழில் செய்யும் அழகிரி அதன் நாயகன். நாடு விடுதலை பெற்ற பின்னர் அவன் வாழ்வில் என்ன மாறியது என்பதே கதை. ஆசிரியர் எங்கும் முழங்கவில்லை. அழகிரி வேலை செய்கின்றான்; சிரிக்கின்றான்; மகளை எண்ணிக் கவலுகின்றான். கரிசல் மக்களின் பேச்சே அங்கே கேட்கின்றது. எழுத்தாளர் குரல் தாழ்ந்த அளவுக்கு அழகிரியின் குரல் உயர்ந்தது.

1989இல் பெண் எழுத்தாளர் ப. சிவகாமி ‘பழையன கழிதலும்’ எழுதினார். அதில் வரும் காத்தமுத்து நம் சமுதாயத் தலைவர். மேற்சாதியாரால் தாக்கப்பட்ட தங்கம் என்னும் கைம்பெண்ணுக்காக அஞ்சாது வழக்காடுகின்றார். முன்னரே இரு மனைவியர் உடைய அவர், பின் அப்பெண்ணையே தம் வீட்டில் மூன்றாமவளாக வைத்துக் கொள்கின்றார். வெளியே போராளி, உள்ளே ஆதிக்கக்காரர். மகள் கௌரியின் கண்கள் இரண்டையும் காண்கின்றன. 1992இல் பாமா ‘கருக்கு’ நூலில் தம் வாழ்வையே எழுதினார். உரையாடல் மட்டுமன்றிக் கதை சொல்லும் நடையும் பேச்சுமொழியாகவே அமைந்தது. நம் தாய்மார் பேச்சுக்கு ஏட்டிலே இடமில்லை என்றிருந்த எண்ணம் அந்நூலால் உடைந்தது.

1994இல் இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ பெரும் விவாதத்தை எழுப்பியது. அதன் நாயகி ஆரோக்கியம், சேரி மக்களுக்குத் துணி வெளுக்கும் வண்ணாரப் பெண். தாழ்த்தப்பட்டவர்க்கும் கீழாக ஒருத்தியை வைத்து, நம் மக்களே அவளுக்கு இழைக்கும் அநீதியை அந்நாவல் காட்டியது. நம் சிறுமையை நாமே ஊரறியச் சொல்லலாமா என்று நம்மவர் சிலர் சினந்தனர். அச்சினத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். நம்மைத் தூற்றக் காத்திருப்போர் கையில் அது ஆயுதமாகலாம் அன்றோ?

ஆனால் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். குற்றமே இல்லாதவனாக ஒருவனைக் காட்டுவது அவனைப் பீடத்தில் ஏற்றுவதாகும். பீடத்தில் இருப்பது சிலை, மனிதன் அன்று. நம்மை இழிந்தவராக எழுதியது பொய் என்றால், நம்மைத் தெய்வங்களாக எழுதுவதும் பொய்யே. சினமும் பேராசையும் அன்பும் நகையும் எல்லா மக்களுக்கும் உரியன என்று ஒப்புக் கொள்வதே சமத்துவம். ஆரோக்கியத்தின் கண்ணீரை நம்மால் உணர முடியுமாயின் நம் நெஞ்சம் வளர்ந்துள்ளது என்று பொருள்.

இளைஞர்க்கு

நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பில் கதை எழுதச் சொன்னால், நம் தெருப் பிள்ளைகளும் தம் கதைக்குப் பங்களா வீட்டுப் பெயர்களையே சூட்டுவதை ஆசிரியப் பணியில் நாம் பலகாலும் கண்டுள்ளோம். தம் தந்தை கதைக்கு உரியவர் என அவர்க்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆதலின் மேற்கண்ட வரலாறு தரும் பாடங்களைச் சுருக்கி உரைப்போம்.

முதலாவது, தொழிலை அறிந்து எழுதுக. டி. செல்வராஜ் 2010இல் ‘தோல்’ எழுதியபோது திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் வாழ்வை நுணுகி எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சுண்ணாம்புக் குழியில் நிற்பவன் கால் எவ்வாறு எரியும் என அறியாதவர் அவன் மனத்தையும் அறியார். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பத்தைக் கொடுக்க. துன்பம் ஊர் தந்தது. விருப்பமோ அவனுக்கே உரியது. மூன்றாவது, அவரவர் பேச்சை அவரவர்க்கு விடுக. பாட்டியின் வாயில் மேடைப் பேச்சைத் திணிக்கற்க. நான்காவது, பகைவனையும் மனிதனாக எழுதுக. மீசை முறுக்கும் பண்ணையாரைக் கண்டு எவரும் அஞ்சார். கனிவாய்ப் பேசிக்கொண்டே கூலியைக் குறைப்பவரைக் கண்டால் அஞ்சுவர்.

கல்விக் கழகம் கண்ட இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் படிக்கக் கற்றனர். பட்டமும் பதவியும் பெற்றனர். இனித் தம் மக்களை எழுதவும் கற்றல் வேண்டும். நாற்று நட்ட கைகளும், பறை இசைத்த கைகளும், பிணம் சுமந்த தோள்களும் இன்றும் நம் வீடுகளிலே உள்ளன. அவற்றின் உரியவர் மூப்படைந்து வருகின்றனர். அவர்தம் பேச்சையும் வேலையையும் சினத்தையும் சிரிப்பையும் இன்று குறித்து வையாவிடின், நாளை அவர்களைப் பிறர் எழுதுவர். மீண்டும் தீயில் மூழ்கியே அவர்கள் உள்ளே வர நேரும். இளைஞர்களே, அவர்களை அவர்களாகவே உள்ளே அழைத்து வருக.