காணாமல் போனவரா, ஆக்கப்பட்டவரா? ஹூலியோ லோபெஸை முன்வைத்து

‘காணாமல் போனார்’ என்று சொல்லும்போது போனவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறார். ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்று சொன்னால், ஆக்கியது யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. தெருவோரப் பந்தல்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஈழத்துத் தாய்மாரிடமிருந்து நாம் இந்த வேறுபாட்டைக் கற்றோம். அர்ஜென்டினாவில் ஒரு முதிய கொத்தனாரின் வழக்கும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் சிக்கிக்கொண்டது.

அவர் பெயர் ஹோர்ஹே ஹூலியோ லோபெஸ். லா பிளாட்டா நகரின் லோஸ் ஓர்னோஸ் பகுதியில் வாழ்ந்த கட்டடத் தொழிலாளி. பெரோனிய இயக்கத்தின் அடிமட்ட ஊழியர். 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று காவல்துறையினர் அவரைத் தூக்கிச் சென்றார்கள். ரகசிய முகாம்களில் மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்தார்கள். பிறகு சிறையில் அடைத்தார்கள். 1979 ஜூனில்தான் விடுதலை.

அரானா முகாமில் பத்ரீசியா தெல்ஓர்த்தோ என்ற இளம் தாயும் அவரது கணவரும் கொல்லப்பட்டதை லோபெஸ் கண்ணால் பார்த்தார். தன் பெண் குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுக்கும்படி பத்ரீசியா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். லோபெஸ் இதையெல்லாம் வீட்டில் அதிகம் பேசவில்லை. கிடைத்த காகிதங்களில் எழுதியும் வரைந்தும் வைத்தார்.

அந்த மாகாணக் காவல்துறையின் புலனாய்வுத் தலைவராக இருந்தவர் மிகேல் எச்செகோலாட்ஸ். 1986இல் தண்டிக்கப்பட்டார், மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று அடுத்த ஆண்டு வந்த சட்டத்தால் வெளியே வந்தார். இத்தகைய சட்டங்களை 2003இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்றது. 2006இல் எச்செகோலாட்ஸ் மீண்டும் கூண்டில் ஏறினார். அவருக்கு எதிரே 76 வயது லோபெஸ் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

செப்டம்பர் 18 இறுதி வாதத்துக்கான நாள். லோபெஸும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். காலையில் பார்த்தால் அவர் வீட்டில் இல்லை. மறுநாள் தீர்ப்பு வந்தது: ஆயுள் தண்டனை. அதைக் கேட்க அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இங்கேதான் அந்தச் சொல் வேலை செய்தது. வயதானவர், பார்க்கின்சன் நோயாளி, பழைய கொடுமைகளைப் பேசியதில் மனம் குழம்பி எங்காவது வழி தவறியிருப்பார் என்ற பேச்சே முதலில் எழுந்தது. தேடல் அந்தத் திசையில் போனது. மிக முக்கியமான முதல் நாட்கள் கைநழுவின. மனித உரிமை இயக்கங்களுக்குள்ளிருந்தே அவரைச் சந்தேகித்துப் பேசிய குரலும் உண்டு. ஏழைத் தொழிலாளியின் சொல்லை நீதிமன்றம் ஏற்ற பிறகும், அவர் யார் என்று வெளியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழி தவறிய முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் தேட வேண்டும். ஆனால் காவல்துறையின் முன்னாள் உயர் அதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், தீர்ப்புக்கு முந்தைய நாள் மறைந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அவரது நினைவாற்றலைப் பற்றியதா? முதுமையும் நோயும் அவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அவையே அவரைத் தேடாமல் இருக்கக் காரணமாயின. அவருக்கு எந்தப் பாதுகாப்பும் தரப்பட்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

2014இல் வேறொரு வழக்கின் தீர்ப்பு நாளில் எச்செகோலாட்ஸ் கையில் இருந்த துண்டுக் காகிதம் புகைப்படத்தில் பதிவானது. அதில் லோபெஸின் பெயரும் ‘கடத்து’ என்ற சொல்லும் இருந்தன. அவர் 2022இல் இறந்தார். லோபெஸ் வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்நாட்டு மக்கள் லோபெஸை இருமுறை காணாமல் ஆக்கப்பட்டவர் என்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 18 அன்று அவர் படத்தை ஏந்தி லா பிளாட்டா தெருக்களில் நடக்கிறார்கள்.

தோழர்களே, சாட்சியின் வாக்குமூலம் நமக்கு வேண்டும். அதோடு நம் வேலை முடிவதில்லை. அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது யார், இரவில் அவர் வீட்டில் துணைக்கு இருப்பது யார், தீர்ப்பு வந்த பிறகும் போய்ப் பார்ப்பது யார்? இந்த மூன்றுக்கும் பெயர் எழுதி வைத்துவிட்டுத்தான் ஒருவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் அவரைக் காணவில்லை என்றால், புகார் மனுவின் முதல் வரியிலேயே அவர் ஒரு சாட்சி என்று எழுத வேண்டும். வயதை அதற்குப் பிறகு எழுதலாம்.